இழவு வீட்டில் ஏன் பாட்டு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில், மகள் வீட்டுக்கு அயர்லாந்து வந்து திரும்பிய ஒரு பெரியவர் எழுதியதைப் படித்தேன். கால்வே கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கும் ஒரு பழைய ஒர்க்ஹவுஸ், அதாவது வழியற்ற ஏழைகளைச் சேர்த்து வேலை வாங்கிச் சோறு போட்ட விடுதி, இப்போது அருங்காட்சியகம். அங்கே அவரைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பட்டினியில் வாடியவர்களை அடைத்து வைத்த கட்டடத்தில் சுவரில் ஓவியங்கள் மாட்டியிருந்தன, பிள்ளைகள் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள், சாயங்காலம் பாட்டு நிகழ்ச்சி என்று அறிவிப்பு வேறு ஒட்டியிருந்தது, இதையெல்லாம் பார்த்து மனம் கசந்துபோனது என்று எழுதியிருந்தார். "இழவு வீட்டில் யாராவது திருவிழா நடத்துவார்களா?" என்று அவர் கேட்டது ஒரு வாரமாக என் காதிலேயே நிற்கிறது.

அவர் செத்தவர்களுக்கு மரியாதை கேட்கிறார். அது நல்ல மனம். முதல்முறை போனபோது எனக்கும் அதே எண்ணம்தான் வந்தது. இப்போது எனக்கு வேறு கருத்து. எப்படி மாறியது என்று சொன்னால் அவருக்கும் மற்ற வாசகர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு திருத்தம். அந்தக் கடிதத்துக்கு நீங்கள் கொடுத்த தலைப்பில் ஒர்க்ஹவுஸை 'பணிமனை' என்று போட்டிருந்தீர்கள். பணிமனை என்றால் நம் ஆட்களுக்குப் பேருந்து நிறுத்தி வைக்கும் டிப்போதான் நினைவுக்கு வரும். ஐரிஷ் மொழியில் இந்த இடங்களை 'ஏழைகளின் வீடு' என்ற பொருள் தரும் சொல்லால்தான் சொல்கிறார்கள். நாமும் ஏழைகள் வீடு என்றே சொல்லலாம். ஆனால் இங்கே வாழும் தமிழர்கள் பேச்சில் ஒர்க்ஹவுஸ் என்றுதான் சொல்கிறோம், ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் 14 வருடமாக அதே கால்வே கவுன்டியின் பாலினஸ்லோ ஊரில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 90 வயதைத் தாண்டிய ஒரு அம்மாவை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். புதிதாக வருபவர்களின் துணிகளை வாங்கி, சலவையில் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு வைத்துத் தைப்பது எங்கள் வழக்கம். நான் அவருடைய கம்பளிச் சட்டையை மடித்துப் பையில் வைத்தேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு வயதில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "என் துணியை எடுக்காதே, என் துணியை எடுக்காதே" என்று அழுதார். மறதி நோய் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற அவர் மகள் முகம் சிவந்து, "சின்ன வயதில் அவர் பாட்டி சொன்ன கதை. விடுங்கள்" என்று மட்டும் சொன்னார். என்ன கதை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அது என்ன கதை என்று, பழைய ஒர்க்ஹவுஸ் இருக்கும் போர்ட்டம்னாவுக்குப் போன அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான கார் பயணம். ஷானன் ஆறு டெர்க் ஏரியாக விரியும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். வருபவர்கள் எல்லோரும் அங்கே இருக்கும் 17ஆம் நூற்றாண்டுக் கோட்டையைப் பார்த்துவிட்டு, காட்டுப் பூங்காவில் ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே ஊரில்தான் 1852இல் திறந்த ஒர்க்ஹவுஸும் இருக்கிறது. 600 பேருக்காகக் கட்டியது. சாம்பல் நிறக் கல், உயரமான மதில், உள்ளே மதிலால் பிரிக்கப்பட்ட முற்றங்கள். பல ஊர்களில் இப்படிப்பட்ட கட்டடங்களை இடித்துவிட்டார்கள், சிலவற்றை 1920களின் உள்நாட்டுப் போரில் எரித்துவிட்டார்கள், சில மருத்துவமனைகளாகவும், முதியவர்களும் ஏழைகளும் தங்கும் அரசு விடுதிகளான கவுன்டி இல்லங்களாகவும் ('கவுன்டி ஹோம்') மாறின. போர்ட்டம்னாவில் பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டது. 2011 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

வழிகாட்டிப் பெண் எங்களை முன் கட்டடத்தில் நிறுத்தினார். நாங்கள் நாலு பேர்: நான், என் கணவர், 13 வயது மகள், 9 வயது மகன். உள்ளே வர வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவர் மட்டும் வர முடியாது, மொத்தக் குடும்பமும் வர வேண்டும் என்றார். வந்ததும் போட்டிருக்கும் துணியைக் கழற்றி வாங்கி வைத்துவிடுவார்கள். குளிக்க வைத்து, விடுதிச் சீருடை கொடுப்பார்கள். (எனக்கு அந்த அம்மாவின் பிடி மணிக்கட்டில் திரும்ப வந்தது.) அப்புறம் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம். 2 வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை மட்டும் தாயோடு இருக்கலாம்.

"உங்கள் குடும்பத்தில் நாலு பேர், நாலு முற்றம்" என்றார் அவர். கதைக்காகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். என் மகன் என் கையை விட்டுவிட்டு, பிறகு இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, "அப்போ நான் மட்டும் தனியாவா, அம்மா?" என்று கேட்டான். அப்பா ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம், அக்கா ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம். குரல் கேட்கும் தூரத்தில்தான் இருப்பார்கள், ஆனால் போய்ப் பார்க்க முடியாது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1838இல் அயர்லாந்துக்கென ஏழைச் சட்டம் வந்தது. நாட்டை 130 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒர்க்ஹவுஸ் கட்டினார்கள். பிற்பாடு இன்னும் 33 சேர்ந்து 163 ஆனது. வெளியில் இருக்கும் கடைசி ஏழையின் வாழ்க்கையைவிட உள்ளே இருக்கும் வாழ்க்கை ஒரு படி கீழேதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பதுதான் கொள்கை. ஆண்களுக்குக் கல் உடைக்கும் வேலை, பெண்களுக்குச் சலவை வேலை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பெரும்பாலும் கூழ். 1845இல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. வேறு எதையும் சாப்பிட வழியில்லாத மக்கள் இந்தக் கதவுகளைத்தான் தட்டினார்கள். 10 லட்சம் பேர் அளவில் செத்தார்கள், அதைவிடக் கூடுதலானவர்கள் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் 1851இல் 65 லட்சம். வடக்கும் தெற்கும் சேர்த்துப் பார்த்தாலும் இந்தத் தீவு இன்றுவரை அந்த 1841 கணக்கைத் திரும்ப எட்டவில்லை.

இங்கே உங்கள் இலங்கை வாசகர்களுக்கு ஒரு செய்தி. 1847இல் நிவாரணச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதை விட்டுக்கொடுத்தால்தான் உதவி. பசித்த குடும்பம் நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்தது, திரும்பிப் போக வீடும் இல்லை. அந்தப் பிரிவைக் கொண்டுவந்தவர் இதே கால்வே கவுன்டியில் கூல் பார்க் பண்ணையைச் சேர்ந்த வில்லியம் கிரகரி. இன்றைக்கும் அதை 'கிரகரி பிரிவு' என்றுதான் சொல்கிறார்கள். அவர்தான் 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர். நுவரெலியாவில் படகு ஓட்டுகிறோமே, கிரகரி ஏரி, அது அவர் பெயர்தான். கொழும்பு அருங்காட்சியகத்தை நிறுவியவரும் அவர்தான், அவர் சிலை அதன் முன்னால் நிற்கிறது. அவர் மனைவி லேடி கிரகரி, கணவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, டப்ளினில் அபே நாடக அரங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். இதைப் படித்த நாளிலிருந்து, கலையையும் அருங்காட்சியகத்தையும் பசியிலிருந்து தனியே பிரித்து வைக்க எனக்கு முடியவில்லை.

சரி, பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

இந்தக் கட்டடங்களை வரைந்தவர் ஜார்ஜ் வில்கின்சன் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். அவருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை என்னவென்று ஏழைச் சட்ட ஆணையர்களின் 1839ஆம் ஆண்டு அறிக்கையில் இருக்கிறது. உறுதி கெடாத அளவுக்கு எவ்வளவு மலிவாகக் கட்ட முடியுமோ அவ்வளவு மலிவாக இருக்கட்டும், வெறும் அலங்காரம் என்று சொல்லத்தக்க எதுவும் கவனமாக விலக்கப்பட வேண்டும். இதுதான் அதன் சாரம். உள்ளே சுவருக்குப் பூச்சுக்கூட இல்லை, கல்லின் மேலேயே சுண்ணாம்பு அடித்தார்கள். முதல் கட்டத்தில் கட்டிய விடுதிகளில் கட்டில்கூட இல்லை. நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் பலகை மேடை, அதன்மேல் வைக்கோல் மெத்தை, வரிசையாகப் படுக்க வேண்டியதுதான். சாப்பாட்டு நேரத்தில் பேசக் கூடாது. அமைதி காக்கச் சொன்ன நேரத்தில் சத்தம் போட்டால் அதுவே குற்றம், அதற்குத் தண்டனை உண்டு.

அழகு கூடாது, சத்தம் கூடாது, குடும்பமாக உட்காரக் கூடாது. இந்த மூன்றும் அந்த இடத்தில் தற்செயலாக நடந்தவை அல்ல, எழுதி வைத்துச் செய்தவை. அப்படியிருக்க, அதே சுவரில் இன்று ஓர் ஓவியம் தொங்குகிறது, அதே கூடத்தில் ஒரு தாயும் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள் என்றால், அதைச் செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாங்கள் போன அன்று ஒரு வெள்ளைச் சுவரில் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த ஜன்னல் படங்கள் இருந்தன. மதிலுக்கு மேல் என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்து வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு படத்தில் முழுத் தாளும் சாம்பல் நிறம், மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் நீலம். அதன் முன்னால் நான் நின்ற நேரம் தகவல் பலகைகளைப் படித்த நேரத்தைவிட அதிகம்.

இழவு வீட்டில் பாட்டு இல்லை என்று பெரியவர் எப்படிச் சொன்னார் என்றும் எனக்கு ஆச்சரியம். நம் வீடுகளில் ஒப்பாரி வைக்காமல் யாரையாவது அனுப்பியிருக்கிறோமா? செத்தவரின் பெயரைச் சொல்லி, அவர் எப்படி உண்டார், எப்படி உடுத்தார் என்று ராகம் போட்டுப் பாடித்தானே அழுகிறோம். இந்த ஒர்க்ஹவுஸ்களில் செத்தவர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. கில்கென்னி நகரில் பழைய ஒர்க்ஹவுஸ் நிலத்தில் வணிக வளாகம் கட்டத் தோண்டியபோது குறைந்தது 970 பேரின் எலும்புகள் கிடைத்தன. பஞ்ச காலத்தில் அந்த வளாகத்துக்குள்ளேயே குழி குழியாகப் புதைத்திருக்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் அங்கே கிடந்தது யாருக்கும் நினைவில் இல்லை. பிறகுதான் மரியாதையோடு அடக்கம் செய்து ஒரு நினைவுத் தோட்டம் அமைத்தார்கள். அந்த ஊர் ஒர்க்ஹவுஸில் யாரும் பாட்டும் பாடவில்லை, படமும் மாட்டவில்லை. அந்த மௌனம் அவர்களுக்கு மரியாதையாகவா இருந்தது?

இனி தையல் மேசை பற்றிச் சொல்ல வேண்டும். என் எண்ணத்தை மாற்றியது அதுதான்.

இந்த மாதிரி இடங்களில் ஆகஸ்டில் நாடெங்கும் நடக்கும் பாரம்பரிய வாரத்தை ஒட்டியும், செப்டம்பரில் பண்பாட்டு இரவை ஒட்டியும், இடையில் சனிக்கிழமைகளிலும் உள்ளூர்க்காரர்களுக்காக ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரை பூசக் கற்றுக்கொடுப்பார்கள், பேச்சு இருக்கும், பழைய பாட்டு இருக்கும். போர்ட்டம்னாவில் ஒரு சனிக்கிழமை தையல் என்று கேள்விப்பட்டுப் போனேன். பள்ளியில் படித்தபோது கற்ற பூவேலை கை மறந்துபோகக் கூடாது என்ற ஆசைதான், வேறு பெரிய நோக்கம் ஒன்றும் இல்லை. நீளமான மர மேசை. சுற்றிலும் பன்னிரண்டு பதின்மூன்று பேர், பெரும்பாலும் வயதான பெண்கள், கூடவே ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர். ஆளுக்கு உள்ளங்கை அளவு வெளுக்காத பருத்தித் துணி, ஒரு ஊசி, பழுப்பும் நீலமுமாக நூல்.

மேசை நடுவில் ஒரு பட்டியல். 1848 முதல் 1850 வரை அயர்லாந்தின் ஒர்க்ஹவுஸ்களிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட அநாதைப் பெண்களை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலும் 14 முதல் 18 வயதுப் பெண்கள். போர்ட்டம்னா கட்டடம் அப்போது இன்னும் எழவில்லை, ஆனால் கால்வே கவுன்டியின் மற்ற ஒர்க்ஹவுஸ்களிலிருந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு மரப்பெட்டி. அதில் 6 உள்சட்டை, 2 ஃபிளானல் உள்பாவாடை, 6 ஜோடி காலுறை, 2 ஜோடி காலணி, 2 கவுன். அவ்வளவுதான் சீதனம். அந்தப் பட்டியலில் ஒரு பொருளை எடுத்து அவரவர் துணியில் தைக்க வேண்டும். நான் காலுறை எடுத்தேன். ஓரத்துக்குக் காம்புத் தையல், உள்ளே சங்கிலித் தையல்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் 80 வயதைத் தாண்டியவர். அந்த ஒர்க்ஹவுஸிலிருந்து மூன்று கிலோமீட்டரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்தவர். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கதவைத் தாண்டி வந்திருக்கிறார்! 80 வருடம், மூன்று கிலோமீட்டர். "அப்பா சைக்கிளில் சந்தைக்குப் போகும்போதுகூட இந்த மதில் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்" என்றார். அவர் வீட்டிலிருந்து யார் இங்கே இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. ஒர்க்ஹவுஸுக்குப் போன குடும்பம் என்ற பெயர் வந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர் கவுன் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். கழுத்துப் பக்கம் வந்ததும் ஊசியை நிறுத்தி, சின்னச் சின்னதாக ஒரு சரிகைப் பின்னல் போட்டார். பட்டியலில் அது இல்லை. நடத்துபவர் குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. "அவளுக்கு ஒரு நல்ல கழுத்தாவது இருக்கட்டுமே" என்றார் இவர். அந்தச் சரிகை ஒரு அரிசி மணி அகலம்கூட இல்லை. மேசையில் இருந்த எல்லோரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பாட்டி, கொள்ளுப்பாட்டி பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்த விவசாயி, தன் தாத்தா சாகும்வரை பாக்கெட்டில் ஒரு ரொட்டித் துண்டு வைத்திருப்பார் என்றார். அவ்வளவையும் அந்த ஊர்க்காரர்களே ஒருவருக்கொருவர் முதல்முறை சொல்லிக்கொண்டார்கள். நான் தலை குனிந்து தைத்துக்கொண்டே கேட்டேன்.

கிளம்பும்போது அந்தப் பாட்டி என்னிடம் சொன்னதைப் பெரியவர் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "சுற்றிப் பார்க்க என்று கூப்பிட்டிருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன். தையல் என்றார்கள், வந்தேன்."

வெளிநாட்டிலிருந்து போகும் நம்மைப் போன்றவர்களுக்கு அது அருங்காட்சியகம். காசு கொடுத்துப் பார்த்து, வருத்தப்பட்டுவிட்டு வந்துவிடலாம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது குடும்ப அவமானம். அதன் வாசலைத் தாண்ட அவர்களுக்கு ஒரு சாக்கு தேவைப்படுகிறது. ஒரு ஊசி, ஒரு பாட்டு, பேரப்பிள்ளை வரைந்த படம், இதெல்லாம்தான் அந்தச் சாக்கு.

மற்ற ஊர்களிலும் இதுதான் நடக்கிறது. டொனிகால் கவுன்டியின் டன்ஃபனகியில் ஹன்னா என்ற பெண்ணின் கதையை ஆள் உயர உருவங்கள் வைத்துச் சொல்கிறார்கள். சிறுமியாக அந்த ஒர்க்ஹவுஸில் இருந்தவர், 1926 வரை வாழ்ந்தவர், கிழவியான பிறகு தன் கதையைச் சொல்லி எழுதவைத்தவர். அதே கட்டடத்தில் கைவினைப் பொருள் விற்கும் கடையும் ஓவியக் கூடமும் இருக்கின்றன. கில்கென்னி கவுன்டியின் கேலன் ஊரில் பழைய ஒர்க்ஹவுஸில் கலைஞர்களும் ஊர்மக்களும் சேர்ந்து வீட்டு வசதி, நிலம் பற்றி இன்றைய கேள்விகளை எழுப்புகிறார்கள். வீடு கிடைக்காமல் மக்கள் திண்டாடும் நாட்டில் அதைப் பேச அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. லீஷ் கவுன்டியின் டோனமோரிலும் மோனஹன் கவுன்டியின் கேரிக்மக்ராஸிலும் ஊர்க்காரர்கள்தான் கட்டடத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள்.

ஒர்க்ஹவுஸுக்கு வெளியிலும் இந்த நாடு பஞ்சத்தைக் கலையில்தான் சுமக்கிறது. 1847இல் ரோஸ்காமன் கவுன்டியின் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையிலிருந்து 1,490 குடியானவர்களை டப்ளின்வரை நடக்கவைத்துக் கப்பலேற்றினார்கள். அந்த 165 கிலோமீட்டர் பாதை நெடுகிலும் 30க்கும் மேற்பட்ட இடங்களில் வெண்கலத்தில் வார்த்த குழந்தைக் காலணிகளை வைத்திருக்கிறார்கள். ஒரு ஜோடியைப் பார்த்தேன், நாடாக் கட்டு அவிழ்ந்தபடி. அதே 1847இல், தாங்களே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு வந்து சேர்ந்த அமெரிக்கப் பழங்குடிகளான சாக்டா மக்கள் 170 டாலர் திரட்டி அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். அதற்கு நன்றியாகக் கார்க் கவுன்டியின் மிடில்டனில் 9 எஃகு இறகுகள் வட்டமாக நிற்கின்றன. சிட்னியில் அந்த அநாதைப் பெண்களில் சிலரின் பெயர்களைக் கண்ணாடியில் பொறித்து, ஒரு மேசையும் கிண்ணமும் கரண்டியும் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து யாரும் கொண்டாட்டம் என்று சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஒரு விஷயத்தில் பெரியவரோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். சில ஊர்களில் இப்படிப்பட்ட பழைய கட்டடங்களில் ராத்திரி பேய் பார்க்கக் கூட்டிப்போவது நடக்கிறது. அதை என்னால் ஏற்க முடியாது. செத்த குழந்தையைப் பேயாக்கிப் பயந்து சிரிப்பதும், அந்தக் குழந்தையின் காலுறையை மேசையைச் சுற்றி உட்கார்ந்து தைப்பதும் ஒன்றல்ல. எல்லா நிகழ்ச்சியும் நல்ல நிகழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. யார் நடத்துகிறார்கள், ஊர்க்காரர்கள் உள்ளே இருக்கிறார்களா, செத்தவர்களின் பெயர் அங்கே சொல்லப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரியவர் பார்த்த அன்று பாடவிருந்தவர்கள் யார் என்று அவர் விசாரித்திருந்தால், அந்த ஊர்ப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும் என்றே பதில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே இருக்கும் நம் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. மழை விட்ட ஞாயிறு என்றால் கடலோரக் குன்றுக்கும் கோட்டைக்கும் போகிறோம், போட்டோ எடுக்கிறோம். பிள்ளைகள் பள்ளியில் பஞ்சத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்து கேட்டால் நமக்குப் பதில் தெரிவதில்லை. நம்மில் பாதிப் பேர் மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை பார்க்கிறோம். நம் கையில் சோறு வாங்கிச் சாப்பிடும் முதியவர்களில் பலர், அந்த மதிலைப் பற்றிய பயத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். 'கவுன்டி ஹோம்' என்ற சொல்லைக் கேட்டாலே சிலர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை போய்வந்தால் வேலையில் கை வேறு மாதிரி போகும். இப்போதெல்லாம் புதிதாக வருபவர்களிடம் நான் துணியை வாங்கிக்கொண்டு போவதில்லை. அவர்கள் கட்டிலிலேயே, அவர்கள் கண் முன்னாலேயே உட்கார்ந்து பெயர்ச்சீட்டுத் தைக்கிறேன். எந்த நிறத்தில் வேண்டும் என்று கேட்டுத்தான் நூல் கோக்கிறேன். பத்து நிமிடம் கூடுதலாக ஆகிறது, பரவாயில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த முறை அயர்லாந்தைப் பற்றிப் பயணக் கட்டுரை போடும்போது, கோட்டைக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது இந்த ஏழைகள் வீட்டுக்கும் கொடுங்கள்.

பெரியவருக்கு: மறுபடி மகள் வீட்டுக்கு ஆகஸ்ட் மாதம் வருவதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. ஓவியத்தைப் பார்க்க வேண்டாம், பாட்டும் கேட்க வேண்டாம். எங்கள் மேசையில் வந்து உட்காருங்கள், ஊசியில் நூல் கோத்துத் தர ஆள் இருக்கிறோம். என் காலுறைக்குக் குதிகால் பகுதி இன்னும் பாக்கி. அந்தப் பாட்டி அடுத்த சனிக்கிழமை பழுப்பு நூல் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாலினஸ்லோ, கால்வே கவுன்டி, அயர்லாந்து